காலி லாரி மாதிரி குதிச்ச போலோ

இன்னைக்கு கோடு, வேலை, அப்ரைசல் எதுவும் இல்ல. கார் பத்தி பேசப் போறேன். இன்னும் சரியா சொன்னா, ஓடுற காரைத் தரையோட ஒட்ட இறக்குறது பத்தி. ஸ்டாக் ஸ்ப்ரிங்கைக் கழட்டிட்டு, குட்டையான, கடினமான ஸ்ப்ரிங் போடுறது. நான் போட்டேன். எட்டு மாசம் ஓட்டினேன். அப்புறம் கழட்டினேன். ஏன் கழட்டினேன்னு சொல்றதுக்கு திருத்தணி வரைக்கும் போகணும்.

வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2015 மாடல், செகண்ட் ஹேண்ட். தெரியாதவங்களுக்காக ஒரு வரி: 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி. 2013-ல வந்தப்போ நாங்க காலேஜ் ஹாஸ்டல்ல இதோட ரிவ்யூ வீடியோவை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தோம். இந்தியாவுல 2022-ல போலோவே நின்னுபோச்சு. கையில இருக்கிறவங்க யாரும் லேசுல விக்க மாட்டாங்க. நான் வாங்குறப்போ மீட்டர்ல 68,000 கிலோமீட்டர். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஸ்டாக் போலோ நம்ம ஊருக்காக கொஞ்சம் உசரமா நிக்கும். டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவுல நாலு விரல் போகும். அந்த இடைவெளியைப் பார்த்தாலே எனக்கு உறுத்தும். ஒரு கடைக்குப் போனேன், 35 மி.மீ. இறக்குற ஸ்ப்ரிங் நாலு போட்டாங்க. "ஷாக் அப்சார்பர் மாத்தணுமா?"ன்னு கேட்டேன். "பழசே போதும் சார், லீக் இல்ல"ன்னாங்க. எனக்கும் அதுதான் கேக்கணும், காசு மிச்சம்.

முதல் மாசம் சொர்க்கம். பைபாஸ்ல லேன் மாத்தினா வண்டி ஆடவே ஆடாது. பார்க்கிங்ல நிறுத்திட்டு ரெண்டு தடவை திரும்பிப் பார்ப்பேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த அழகுக்காகத்தான் போட்டேன். ஹேண்ட்லிங்னு சொன்னதெல்லாம் அம்மாகிட்ட சொன்ன காரணம்.

எங்க பூர்வீகம் திருத்தணி. அப்பா வேலைக்காக சென்னை வந்தவர். பெரியப்பா இன்னும் அங்கதான், மலைக்குக் கீழ. ஆயா எங்களோட இருக்காங்க. அக்கா பையனுக்கு முதல் மொட்டை, முருகனுக்கு வேண்டுதல். ஒரு சனிக்கிழமை விடியக்காலை கிளம்பினோம். நான், அம்மா, ஆயா, அக்கா, மடியில குழந்தை, டிக்கியில மூணு பை, ஒரு எவர்சில்வர் டிரம் புளிசாதம்.

தேசிய நெடுஞ்சாலை 716. திருவள்ளூர் வழியா திருத்தணி, அதைத் தாண்டினா நகரி, புத்தூர், ரேணிகுண்டா, திருப்பதி. திருவள்ளூர் தாண்டி கொஞ்ச தூரத்துல ஒரு நீளமான இடது வளைவு. நடுவுல சின்னப் பாலம். பாலமும் ரோடும் சேர்ற இடத்துல லேசா ஒரு மேடு. நான் 80-ல போய்க்கிட்டு இருந்தேன், அது ஒண்ணும் பெரிய வேகம் இல்ல. மேட்டுல பின் சக்கரம் ஏறினதும் "டக்"குனு ஒரு சத்தம், அடுத்த நொடி வண்டியோட பின்பக்கம் வெளிப்பக்கமா நகர்ந்துச்சு. ஒரு சாண் இருக்கும். அவ்வளவுதான். அதுக்குள்ள திரும்பப் பிடிச்சுக்கிச்சு.

ஆனா அந்த ஒரு சாணுக்கு அந்தாண்ட ஒருத்தர் எக்ஸ்எல்ல பால் கேன் கட்டிக்கிட்டு எதிர்ல வந்துட்டு இருந்தார். ஆயாவோட தலை கண்ணாடியில இடிச்சுது. குழந்தை அலறுச்சு. யாருக்கும் அடி இல்ல. ஆயா தலையைத் தடவிக்கிட்டே, "ரோடு சரியில்ல போல"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அதே ரோட்டுல இதே வண்டியில, பழைய ஸ்ப்ரிங்கோட நாலஞ்சு தடவை போயிருக்கேன். எனக்குத் தெரியும், ரோடு இல்ல.

ஊருக்குள்ள வந்ததும் அடுத்த கூத்து. ஸ்பீடு பிரேக்கர். முதல் ஒண்ணுல அடிவயிறு உரசின சத்தம் கேட்டு டீக்கடையில இருந்தவங்க எல்லாம் திரும்பினாங்க. ரெண்டாவதுக்கு முன்னாடி நிறுத்தி, "எல்லாரும் ஒரு நிமிஷம் இறங்கிக்கோங்க, வெயிட் குறையட்டும்"னு சொன்னேன். அம்மா முறைச்சாங்க. முட்டி வலியோட ஆயா கதவைப் பிடிச்சு மெல்ல இறங்கி, அந்த மேட்டைத் தாண்டி நடந்து வந்து, திரும்ப ஏறினாங்க. மலைக்கு ஏறுற வழியில இன்னொரு தடவை. படிக்கட்டு 365, அதுல ஏற முடியாதுன்னுதானே ஆயாவைக் கார்ல கூட்டிட்டு வந்தேன். அந்தக் கார்ல இருந்து இறக்கி நடக்கவச்சேன்.

மொட்டை முடிஞ்சு பெரியப்பா வீட்டுக்கு வந்தோம். பெரியப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு, அப்புறம் ஆந்திரா பக்கம் என்ன கிடைச்சாலும். பேச்சுல பாதி தெலுங்கு கலந்திருக்கும். திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்ததே 1960 ஏப்ரல் 1-ல தானே, ம.பொ.சி. எல்லாம் போராடின அப்புறம். எல்லைதான் மாறுச்சு, வீட்டுப் பேச்சு மாறல.

அவர் வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். முன்பக்க மூலையில ரெண்டு கையையும் வச்சு ஓங்கி அமுக்கி விட்டார். வண்டி மேல வந்துச்சு, திரும்பக் கீழ போச்சு, திரும்ப மேல வந்துச்சு. "ஷாக்கு செத்துப் போச்சுடா"ன்னார். அப்புறம் சக்கரத்தைப் பார்த்துட்டு, "ஸ்ப்ரிங்கு மாத்திட்டியா?"

"ஆமா பெரியப்பா. கொஞ்சம் ஸ்டிஃப்பா. அப்பத்தான் கிரிப் நல்லா இருக்கும்."

"எவன் சொன்னான்? கரும்பு ஏத்திக்கிட்டு வரும்போது லாரி ரோட்டை அப்படியே பிடிச்சுக்கும். லோடு இறக்கிட்டு காலி வண்டியா திரும்புறப்பதான் பயமே. பட்டை அப்படியே கல்லு மாதிரி நிக்கும், குதிக்கும். வளைவுல பிரேக் வச்சா பின்னாடி தனியாப் போகும். நீ காசு கொடுத்து காலி லாரி வாங்கியிருக்க." கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "எங்கம்மாவை இதுலயா கூட்டிட்டு வந்த?"ன்னு கேட்டார். [சிரிப்பு] இப்ப சிரிக்கிறேன். அப்ப சிரிக்கல.

சென்னை திரும்பினதும் லேப்டாப்பைத் திறந்தேன். நான் சாஃப்ட்வேர்தான், ஆனா படிச்சது இன்ஜினீயரிங். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டா பதில் கிடைக்கிற விஷயத்தை எட்டு மாசம் முன்னாடியே போட்டிருக்கலாம்.

நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. ஒரு முன் சக்கரம் தாங்குற எடை 300 கிலோ, அதாவது ஏறக்குறைய 3000 நியூட்டன்னு வைங்க. பழைய ஸ்ப்ரிங் ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் கேக்குதுன்னா, வண்டி சும்மா நிக்கும்போதே அது 150 மி.மீ. அமுங்கி இருக்கும். 30 சதவீதம் கடினமான ஸ்ப்ரிங்னா 26 நியூட்டன். அதே எடைக்கு 115 மி.மீ. தான் அமுங்கும். அப்ப நீளம் மாறாம கடினமா மட்டும் ஆக்கினா வண்டி 35 மி.மீ. மேல ஏறிடும். ஏறாம இருக்க 35, கீழ இறங்க இன்னொரு 35, மொத்தம் 70 மி.மீ. ஸ்ப்ரிங்கைக் குட்டையாக்கணும். சில பேர் பழைய ஸ்ப்ரிங்கையே ஒரு சுத்து அறுத்துப் போடுவாங்க, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. சக்கரம் காத்துல தொங்குறப்போ ஸ்ப்ரிங் உக்காந்த இடத்துல இருந்து கழண்டுக்கும்.

இப்ப முக்கியமான இடம். பள்ளத்துல சக்கரம் மேல ஏற எவ்வளவு இடம் இருக்கு? ஸ்டாக்ல 80 மி.மீ. இருந்துச்சுன்னா, 35 இறக்கினதும் 45 தான். அதுக்கப்புறம் பம்ப் ஸ்டாப்னு ஒரு ரப்பர் கட்டி. ஸ்ப்ரிங் உள்வாங்குற ஆற்றல் அரை கே எக்ஸ் ஸ்கொயர், பன்னெண்டாவதுல படிச்சது. பழைய ஸ்ப்ரிங் 64 ஜூல் வாங்கும். புதுசு 26 ஜூல். கடினமான ஸ்ப்ரிங் போட்டும், பாதிக்கும் கம்மியா வாங்கிட்டு ரப்பர்ல போய் முட்டுது! பழைய அளவுக்கே வாங்கணும்னா 26 போதாது, 63 வேணும். மூணு மடங்குக்கு மேல. அப்படிப் போட்டா நம்ம ரோட்டுல பல்லு கொட்டிடும்.

வளைவுல போறப்போ பாரம் ஏற்கெனவே வெளிப்பக்கச் சக்கரத்துல. மேலும் நாலு பேர், மூணு பை, புளிசாதம். அந்த 45-லயும் பெரும்பகுதி காலி. மேடு வந்ததும் ரப்பர்ல முட்டிடுச்சு. முட்டின நொடியில ஸ்ப்ரிங்கே இல்லாத மாதிரி ஆகி, டயர் ரோட்டை விட்டு எழும்புது. எழும்பின டயருக்கு ஏது கிரிப்? அதை உடனே கீழ கொண்டு வரவேண்டிய ஷாக், 68,000-ம் அதுக்கு மேலயும் ஓடினது. ஸ்ப்ரிங் கடினமானா அதைத் திருப்பி அடக்க ஷாக்குக்குக் கூடுதல் பலம் வேணும். நான் பழசை வச்சு காசு மிச்சம் பிடிச்சேன்.

சரி, இறக்கினதுல லாபமே இல்லையா? இருக்கு. வளைவுல உள்பக்கச் சக்கரத்துல இருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுற எடை, புவியீர்ப்பு மையத்தோட உயரத்தைப் பொறுத்தது. அது 55 செ.மீ. உயரத்துல இருந்து 35 மி.மீ. இறங்கினா 6 சதவீதம் கம்மி. நிஜமான லாபம்தான், ஆனா அவ்வளவுதான். ஸ்ப்ரிங் கடினமா இருக்கிறதால மொத்தமா மாறுற எடை குறையாது. வண்டி சாயுறது குறையும், அவ்வளவே. சாயாததை நாம கிரிப்னு நினைச்சுக்கிறோம். இன்னொண்ணு, போலோ மாதிரி மேக்பர்சன் ஸ்ட்ரட் வண்டியில ரொம்ப இறக்கினா கீழ இருக்கிற கன்ட்ரோல் ஆர்ம் மேல்நோக்கி சாய்ஞ்சு, வண்டி எந்தப் புள்ளியைச் சுத்தி சாயுதோ அந்தப் புள்ளி, மையத்தை விட வேகமா கீழ போயிடும். அப்ப சாயுற விசை கூடத்தான் செய்யும். வாங்கின கடினத்துல ஒரு பகுதி அதைச் சமாளிக்கவே போயிடும்.

ரேஸ்ல எல்லாரும் இறக்குறாங்களே? ஆமா. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல போலோ கப் வண்டிகளே தரையோட ஒட்டித்தான் ஓடுச்சு. அந்த டிராக் 1990-ல வர்றதுக்கு முன்னாடி மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தினது எங்க மாவட்டத்துல, சோழவரத்துல. இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம். விமானம் இறங்குற தரையில ஸ்பீடு பிரேக்கர் கிடையாது, பின் சீட்டுல ஆயா கிடையாது.

ஸ்பீடு பிரேக்கருக்கும் கணக்கு போட்டேன். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். போலோவோட ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல கிட்டத்தட்ட 2.46 மீட்டர். அந்த வளைவு இந்த இடைவெளிக்குள்ள எழும்புறது 45 மி.மீ. தான். என் வண்டி 165-ல இருந்து 130-க்கு வந்து, ஆள் ஏறி 100 ஆனா கூட, 55 மிச்சம். உரசவே உரசாது. ஆனா தெருவுல ஆளாளுக்குப் போடுறது ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம். அதுல முழு உயரமும் வண்டிக்கு அடியில வந்து நிக்கும். நாம ஓட்டுறது அந்தத் தெருவுலதான்.

சட்டம் கேப்பீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டுமேன்னு வந்துச்சு. ஆர்சியில ஸ்ப்ரிங்குக்குன்னு இடம் கிடையாதுன்னு வாதாடுறவங்க உண்டு. இன்ஷூரன்ஸ் சர்வேயர்கிட்ட போய் வாதாடிப் பாருங்க.

நீங்க இறக்கியே ஆவேன்னா, 15, 20 மி.மீ.யோட நிறுத்துங்க, அந்த ஸ்ப்ரிங்குக்குப் பொருத்தமான ஷாக்கோட சேர்த்து வாங்குங்க, வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் திரும்பப் பாருங்க. ஆனா அந்தக் காசுல முதல்ல நல்ல டயர் போடுங்க. ரோட்டைத் தொடுறது அது ஒண்ணுதான்.

நான் பழைய ஸ்ப்ரிங்கையே திரும்பப் போட்டு, நாலு ஷாக்கும் புதுசா மாத்தினேன். டிசம்பர் 31 திருப்படித் திருவிழாவுக்கு திரும்ப திருத்தணி போனோம். பாலத்து மேட்டுல வண்டி ஒரு தடவை அமுங்கி எழுந்துச்சு, அவ்வளவுதான். ஊருக்குள்ள அந்த ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் நான் வேகத்தைக் குறைச்சேன். பின்னாடி கதவுக் கைப்பிடி சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தா, ஆயா செருப்பை மாட்டிக்கிட்டு, புடவையை ஒதுக்கிக்கிட்டு, இறங்கத் தயாரா உக்காந்திருக்காங்க.

"வேணாம் ஆயா, உக்காரு"ன்னேன்.

அந்தக் குட்டை ஸ்ப்ரிங் நாலும் இன்னும் பால்கனியில இருக்கு. விக்க மனசு வரல. அம்மா ஒண்ணு மேல துளசித் தொட்டி வச்சிருக்காங்க, ஆடாம நிக்குது.