முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறதா?



தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி வெட்டுபவர், கேம்பல் லேனில் பூக்கட்டுபவர், உணவங்காடியில் பரோட்டாவுக்கு மாவு பிசைபவர், வீவக புளோக்கில் துணியை முறுக்கிப் பிழியும் துப்புரவாளர். இவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் மருத்துவர் ‘டென்னிஸ் எல்போ’ என்பார். இதைத் தமிழாக்கும்போது எனக்கே சிரிப்பு வரும். இந்த வலி உள்ளவர்களில் பலர் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. 1880களில் இங்கிலாந்தில் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள், முழங்கையின் வெளி எலும்பில் ஒரு தசைநாரால் பிணைந்துள்ளன. நீங்கள் எதையாவது இறுகப் பிடிக்கும்போதெல்லாம் அது இழுபடுகிறது, நாளடைவில் நைந்துபோகிறது. அதனால்தான் காப்பிக் குவளையைத் தூக்கினாலே சுரீர் என்கிறது.

“வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். அறுவை சிகிச்சை இல்லாமலேயே பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் குணமாகும். ஆனால் அவசரப்பட முடியாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் நிம்மதி தரும். ஓராண்டு கழித்துப் பார்த்த ஆய்வுகளிலோ, ஊசி போட்டவர்களுக்கே வலி அதிகம் திரும்பியது. வலி மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமலிருக்க மருந்து இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கையை அசைக்காமலே வைத்திருப்பதும் சரியல்ல. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் போத்தலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியால் மேலே தூக்குங்கள். பிறகு ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறக்குங்கள். பத்துத் தடவை போதும். லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் போத்தலில் தண்ணீரைக் குறையுங்கள்.

சந்தைப் பையை உள்ளங்கை மேலே பார்க்கும்படி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். துணியை முறுக்காமல் அழுத்திப் பிழியுங்கள். மெல்லிய கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர், வலியை மறைக்காமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்; வேலை பறிபோகுமோ என்று பயந்து பலர் சொல்வதில்லை. வேலையால் வந்த வலிக்குச் சட்டப்படி இழப்பீடு கோர வழி இருக்கலாம்.

விரல் மரத்தாலோ, முழங்கை சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் கை நீளாவிட்டாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். கைவலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால், அது வேறு விஷயம்: 995ஐ அழையுங்கள்.

மற்றபடி, ஆறு வாரத்தில் குறையாவிட்டால் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ, சிராங்கூன் சாலையிலுள்ள காலாங் பலதுறை மருந்தகம் போன்ற ஒன்றிலோ காட்டுங்கள். இயன்முறை சிகிச்சைக்கு அவர்கள் அனுப்புவார்கள். சாஸ் அட்டையோ முன்னோடித் தலைமுறை அட்டையோ இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள்.