கற்ற கை கற்பிக்கட்டும்

 

நம் பிள்ளைகள் சிலர் இன்று மருத்துவக் கல்லூரிகளிலும் செவிலியர் பள்ளிகளிலும் பயில்கின்றனர். அவர்களை வாழ்த்தும் இவ்வேளையில், மருத்துவர் தம் கைத்திறனைப் பிறர்க்குக் கற்பிக்கும் முறை குறித்துச் சில கூற விழைகிறேன்.

1910இல் அமெரிக்காவில் பிறந்தவர் விவியன் தாமஸ். அவர் கறுப்பினத்தவர், தச்சரின் மகன். மருத்துவராக வேண்டுமென்று அவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் வங்கியோடு மூழ்கியது. அதற்குள் ஆல்ஃபிரட் பிளேலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் அவர் சேர்ந்திருந்தார். அவர் செய்தது ஆய்வுப்பணி. ஏட்டில் எழுதப்பட்டதோ துப்புரவுப் பணியாளர் என்று!

1941இல் இருவரும் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றனர். பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாய்ந்து மடியும் குழந்தைகளைக் காக்க வழி தேடினார் ஹெலன் டாசிக் என்னும் அம்மையார். கைக்குச் செல்லும் குருதிக்குழாயை நுரையீரல் குழாயுடன் இணைக்கும் முறையை, நாய்களிடம் பன்முறை செய்து தேர்ந்தவர் தாமஸ். 1944 நவம்பர் 29 அன்று ஒரு குழந்தைக்கு அவ்வறுவை நடந்தபோது, பிளேலாக்கின் பின்னே ஒரு படிப்பலகையில் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி கூறியவர் அவரே.

அத்துடன் நின்றாரா? இல்லை. பின்னாளில் புகழ்பெற்ற டென்டன் கூலி போன்ற இளம் மருத்துவர்கள், குருதிக்குழாயைத் தைக்கும் நுட்பத்தை அவரிடம் கற்றனர். மருத்துவப் பட்டம் பெறாதவர் மருத்துவர்க்கு ஆசானானார்! 1971இல் அவரிடம் பயின்றோர் அவருடைய உருவப்படத்தை அந்நிறுவனத்துக்கு அளித்தனர். 1976இல் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியது.

இளைஞர்களே! ஒன்றைச் செய்ய அறிதல் வேறு; செய்விக்க அறிதல் வேறு. பழகிய கை எண்ணாமலே இயங்கும். ஆதலின் இடைப்படிகளைச் சொல்ல மறந்துவிடும். ‘ஒருமுறை பார், ஒருமுறை செய், பிறகு கற்பி’ என்பது மருத்துவமனைகளில் நெடுநாள் வழங்கிய மொழி. அது போதாதென்று கண்டு, பிற்காலத்தார் நான்கு படிகள் வகுத்தனர்.

நரம்பில் ஊசி ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். முதலில், ஆசான் பேசாது இயல்பான வேகத்தில் செய்து காட்டுகிறார். இரண்டாவது, ஒவ்வோர் அசைவையும் நிறுத்தி, காரணம் கூறிச் செய்கிறார். மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசான் செய்கிறார். நான்காவது, மாணவரே சொல்லிக்கொண்டு செய்கிறார். இவற்றுள் மூன்றாவதே உயிர்நிலை. மாணவர் மனத்திலுள்ள பிழை அங்கு வாய்வழி வெளிப்பட்டுவிடும். கைவழி வெளிப்படும் முன்பே திருத்தலாம். இவையனைத்தையும் முதலில் ரப்பர்க் கையில் பழக்குதல் நன்று. நோயாளியின் உடல் கரும்பலகை அன்று. தவறாக எழுதியதை அழித்தெழுத இயலாது.

என் இளமையில் நடந்தது ஒன்று. பள்ளியில் நுண்ணோக்கியைச் சுற்றி மாணவர் நின்றனர். என் முறை வந்ததும், “எட்ட நின்று பார், தொடாதே” என்றார் ஆசிரியர். அன்று கண்ணாடித் துண்டில் இருந்தது வெங்காயத் தோல் என்பதை மட்டுமே அறிந்தேன். ஆசிரியப் பணி ஏற்றபின், எந்தப் பிள்ளையையும் தொட்டுப் பாராமல் என் வகுப்பிலிருந்து அனுப்பியதில்லை.

நாளை மருத்துவராகப் போகும் மக்களே! உங்கள் அருகில் நிற்கும் பயிற்சி மருத்துவரையும் செவிலியரையும், “எட்ட நில்” என்று ஒருபோதும் கூறாதீர்கள். அருகழைத்து, காரணம் கூறி, அவர்களையும் சொல்லச் செய்து, பின்பு கருவியைக் கையில் கொடுங்கள். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் மறுத்தல் தகாது.

வளர்க கல்வி! வாழ்க நம் கழகம்!