பூமிக்கு அடியிலா, தரையிலா?
(வரிச்சிக்குடிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதுரைக்கும் கோவைக்கும் கேட்ட மெட்ரோ ரயில் திட்டங்களை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 20 லட்சம் மக்கள் இல்லையாம்! பார்த்த கணக்கு 2011-ஆம் ஆண்டுடையது. காரைக்காலில் இருந்துகொண்டு மதுரைப் பேச்சு எதற்கு என்பீர்கள். நம் பிள்ளைகள் படிப்பதும் பிழைப்பதும் அங்கேயுந்தானே!

மெட்ரோ இல்லையென்றால் வேறு வழியே இல்லையா? பிரான்சிலிருந்து வரும் நம் சபராளிகளைக் கேளுங்கள். பாரிஸில் 1900 முதல் சுரங்க ரயில் ஓடுகிறது. டிராமை 1938-இல் ஒழித்தார்கள். 1992-இல் அதே டிராமைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எங்கே? ஈபிள் கோபுரத்தின் அடியிலா? இல்லை, லா கூர்னெவ், பொபினி என்று உழைப்பாளிகள் நெருங்கி வாழும் புறநகரில்! தடி ஊன்றும் பெரியவரும் தெருவிலேயே ஏறிக்கொள்ளலாம். படி இறங்க வேண்டியதில்லை.

சுரங்கமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணடித் தெருக்களில் கைவண்டிக்கே இடமில்லை. அங்கே 2019-இல் பூமிக்கடியில் நிலையம் வந்தது நியாயமே. ஆனால் சென்னையின் இரண்டாம் கட்டம், சுரங்கமும் மேம்பாலமுமாக 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 500 கோடிக்கு மேல்! பொதுப்பணம் அமானிதமல்லவா?

அகலமான சாலையில் தரையிலேயே தண்டவாளம் போடட்டும். தனிப்பாதை மட்டும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் டிராமும் பஸ்ஸுக்குப் பின்னால் மணியடித்துக்கொண்டு நிற்கும். மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் அடுத்த மனுவில் இதையும் சேர்த்துக் கேட்கட்டும்.