ஒரு சொல்லால் வரும் எட்டு மீட்டர்



நேர்கோட்டில் இயங்கும் ஒரு துகளை எடுத்துக்கொள்வோம். புறப்பட்டது முதல் கடந்த விநாடிகளை இரண்டால் பெருக்கி, 6இலிருந்து கழித்தால் அதன் திசைவேகம் கிடைக்கும். அலகு, விநாடிக்கு மீட்டர். முதல் 5 விநாடிகளில் அத்துகள் கடந்த மொத்தத் தொலைவு யாது?

நுண்கணிதம் கற்ற மாணவர் திசைவேகத்தை 0 முதல் 5 வரை தொகையிடுவார். 5 மீட்டர் என்பார். கணக்கில் பிழை இல்லை. ஆயினும் அவர் கண்டது இடப்பெயர்ச்சியே, கேட்கப்பட்டதோ தொலைவு.

3ஆம் விநாடியில் திசைவேகம் சுழியாகிறது. அதுவரை துகள் 9 மீட்டர் முன்னே செல்கிறது. பின்னர்த் திரும்பி, எஞ்சிய 2 விநாடிகளில் 4 மீட்டர் பின்னே வருகிறது. ஒருசேரத் தொகையிடும்போது அந்த 4 மீட்டர் குறை எண்ணாகி 9இலிருந்து கழிந்துவிடுகிறது. எனவே, திசைவேகம் சுழியாகும் கணத்தை முதலில் காண வேண்டும். அங்கே கால இடைவெளியைப் பிரித்து, இரு பகுதிகளையும் தனித்தனியே தொகையிட்டு, குறைக்குறியை நீக்கிக் கூட்ட வேண்டும். மொத்தத் தொலைவு 13 மீட்டர்.

இந்த எட்டு மீட்டர் வேறுபாட்டில் மொழிக்கும் பங்குண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வேகம் திசையற்றது, திசையுடையது திசைவேகம். இலங்கைப் பாடநூல்களிலோ திசையற்றது கதி, திசையுடையதே வேகம். ஆகவே, 'வேகத்தைத் தொகையிடுக' என்னும் ஒரே தொடர் தமிழ்நாட்டு மாணவருக்கு 13 என்னும் விடையையும், இலங்கை மாணவருக்கு 5 என்னும் விடையையும் தரும். இருவரும் தத்தம் வழக்கில் பிழையற்றவரே. இரு நாட்டு நூல்களையும் ஒருசேரப் பயிலும் நம் மாணவரே இடர்ப்படுவர்.

ஒரு வழக்கைப் பிழையென ஒதுக்குவது முறையன்று. கதி, சுருக்கமான நற்சொல். திசைவேகம், திசையைத் தன் பெயரிலேயே தாங்கி, குறியைக் கவனி என மாணவரை எச்சரிக்கும் சொல். எதைக் கொண்டாலும் ஒரு வகுப்பில் ஒரே வழக்கைக் கொள்வோம். கணக்கைத் தொடங்குமுன், இச்சொல் திசையைச் சுமக்கிறதா என்று ஆசிரியர் கூறட்டும். கூறாவிடில் மாணவர் கேட்கட்டும். கலைச்சொல்லின் பொருளை வரையறுப்பதும் கணக்கின் முதற்படியே.