பெற்றோர் வழக்கும் குழந்தையின் உரிமையும்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் வக்கீல் அல்ல. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. பட்டம் பெற்று, மத்திய அரசில் 35 வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்று நாக்பூரில் வசிக்கிறவன். குடும்பச் சட்டம் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று நீங்கள் கேட்கலாம். சில வருஷங்களுக்கு முன் எங்கள் குடும்பத்திலேயே நான் ஒரு தவறான யோசனை சொன்னேன். அதுதான் என் யோக்யதை.

என் ஒன்றுவிட்ட தம்பியின் பிள்ளைக்கும் அவன் மனைவிக்கும் புணேயில் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை, தாயாரிடம் இருந்தது. ஒரு நாள் அவன் போன் செய்து, "பெரியப்பா, அந்தக் கொழந்தை என்னோடதுதானான்னு எனக்கு சந்தேகமா இருக்கு. டி.என்.ஏ. டெஸ்ட் கேட்டு மனு போடலாம்னு இருக்கேன். நீங்க சயன்ஸ் படிச்சவர், என்ன சொல்றேள்?" என்றான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பண்ணிடு. சயன்ஸ் பொய் சொல்லாது" என்றேன்.

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கேட்டாள்: "ஏன்னா, டெஸ்ட்ல இல்லேன்னு வந்துடுத்துன்னு வெச்சுக்கோங்கோ. அப்புறம் அந்தக் கொழந்தை யாரை அப்பான்னு கூப்பிடும்?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஒரு வக்கீல் நண்பரிடம் போய்ச் சட்டப் புத்தகங்களை வாங்கி வந்து படிக்க ஆரம்பித்தேன்.

1872-ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தில் 112-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. செல்லத்தக்க திருமண பந்தம் நீடிக்கும்போது பிறக்கும் குழந்தை அந்தக் கணவனின் சட்டப்பூர்வமான குழந்தைதான். பந்தம் முடிந்த பிறகும், தாய் மறுமணம் செய்துகொள்ளாமல் இருந்தால், 280 நாட்களுக்குள் பிறக்கும் குழந்தைக்கும் இதே விதிதான். சட்டம் இதை முடிவான நிரூபணம் என்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் விலக்கு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதீய சாட்சியச் சட்டத்தில் இதுவே 116-ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

முதலில் எனக்கு இது பத்தாம்பசலியாகத்தான் பட்டது. லாண்ட்ஸ்டைனர் ரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்தது 1901-இல். ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகை முறையைக் கண்டது 1984-இல். 1872-இல் கருவி இல்லை, அதனால் அனுமானம் செய்தார்கள். இப்போதுதான் கருவி இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, இந்தப் பிரிவு குழந்தையைக் காப்பதற்காக ஏற்பட்டது என்று. பெரியவர்களின் சந்தேகத்துக்காக ஒரு குழந்தையை முறையற்றுப் பிறந்தது என்று ஊரறியச் சொல்ல இது இடம் கொடுப்பதில்லை.

நீதிமன்றங்களும் இதில் தடுமாறாமல் இல்லை. ஜீவனாம்சத்தைத் தவிர்ப்பதற்காக ஒரு தகப்பனார் ரத்தப் பரிசோதனை கேட்ட வழக்கில், கேட்டவுடன் உத்தரவு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் சொன்னது. 2014-இல் இன்னொரு வழக்கு. அதில் பரிசோதனை ஏற்கெனவே நடந்து, அவர் தகப்பனார் அல்ல என்று அறிக்கையும் வந்துவிட்டது. அந்நிலையில் அனுமானத்தைவிட விஞ்ஞான உண்மைக்கே மதிப்பு என்றார்கள். ஆனால் 2023-இல், புணே குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு விவாகரத்து வழக்கில், குழந்தைக்குப் பரிசோதனை செய்யச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மனைவி தவறினாள் என்றால் அதை வேறு சாட்சியங்களால் நிரூபிக்கட்டும், குழந்தையை அதற்குக் கருவியாக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

என் மனைவி கேட்டதும் இதைத்தானே! "இல்லை" என்று அறிக்கை வந்தால் அந்தக் குழந்தை ஒரு தகப்பனாரை இழக்கும். அவரிடமிருந்து வரவேண்டிய ஜீவனாம்சத்தையும் சொத்துரிமையையும் இழக்கும். பதிலுக்கு எந்த ஆய்வுக்கூடமும் வேறொரு தகப்பனாரைக் கொடுப்பதில்லை.

தாயாரின் உரிமையும் இதோடு சேர்ந்ததுதான். 1956-ஆம் வருஷத்து இந்து மைனர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தகப்பனார், "அவருக்குப் பின்" தாயார் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்கக் காப்பாளராகக் கையெழுத்திட்டபோது, ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தகப்பனார் காலமான பிறகு என்று மட்டும் அதற்குப் பொருள் அல்ல. அவர் பொறுப்பில் அக்கறை காட்டாதபோதும் தாயாரே காப்பாளராகலாம் என்று 1999-இல் தீர்ப்பு வந்தது. மணமாகாத தாய், தகப்பனார் பெயரை வெளியிடாமலே காப்பாளராகலாம் என்று 2015-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

நமக்கு இது புதிதா? சாந்தோக்ய உபநிஷத்தில் ஜாபாலையின் மகன் சத்யகாமன், தன் கோத்ரம் தெரியாது, தாயின் பெயர்தான் தெரியும் என்று உண்மையைச் சொன்னான். கௌதமர் அந்தச் சத்தியத்தை மெச்சி அவனைச் சிஷ்யனாக ஏற்றுக்கொண்டார். அந்தக் கதையை உபந்நியாசங்களில் கேட்டுத் தலையாட்டிய நான்தான், ஒரு ஆறு வயதுக் குழந்தைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னேன்.

அவனைக் கூப்பிட்டு, வேண்டாம் என்றேன். அதற்குள் மனு போட்டாகிவிட்டது. அந்தச் சமயத்தில் இருவரும் ஒரே வீட்டில்தான் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். ஆகவே நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது. நான் புணேக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நான்தான் யோசனை சொன்னேன், தப்பு என் பேர்ல" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் காபி கொண்டுவந்து வைத்தாள். குழந்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பெரிய தாத்தா, அப்பாவுக்காக நான் ஒரு டெஸ்ட் எழுதணுமாமே? நன்னா எழுதினா அப்பா ஆத்துக்கு வந்துடுவாரா?" என்று கேட்டது.

பெரியவர்கள் போனில் பேசிக்கொண்டதை அது எங்கேயோ கேட்டிருக்கிறது.

இப்போது விவாகரத்து ஆகிவிட்டது. படிப்புச் செலவை அவன் கட்டுகிறான். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறான். சந்தேகம் போயிற்றா என்று நான் கேட்கவில்லை.

நம் பிள்ளைகள் ஒருவர் பெங்களூரில், ஒருவர் தில்லியில் என்று இருக்கிறார்கள். சண்டை வந்தால் நமக்குப் போன்தான் வரும். அப்போது பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. தம்பதிகளின் சண்டைக்குள் குழந்தையின் பிறப்பை இழுக்கவிடாதீர்கள். குழந்தையின் காது கேட்கப் பேசவும் பேசாதீர்கள். அடுத்தது, நம் பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள்: 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச சட்ட உதவி பெறலாம்.