கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம்
(இரும்புச்சத்து மாத்திரை பற்றிய பேச்சு)

இன்றைக்கு அந்தச் சிவப்பு மாத்திரையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். "அதான் தெரியுமே ஐயா, நர்சம்மா கொடுக்கிற சத்து மாத்திரைதானே" என்பீர்கள். தெரிந்த மாத்திரைதான். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் போடுகிறார்களா? அரிசிப் பானைக்குள்ளேயும் கூரைச் சந்திலேயும் எத்தனை அட்டை கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்கு வந்த புதிது. ஒரு கிராமத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ஒரு மாதத்து மாத்திரையைக் கொடுத்து, "தினம் ஒண்ணு போடும்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். நாலு நாள் போட்டாளாம். மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. "உள்ளே ஏதோ வெந்து போச்சுடி" என்று மாமியார் பயந்து மாத்திரையைக் கூரையில் செருகிவிட்டார். பிரசவத்தில் இரத்தப்போக்கு. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு, தாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், புருஷனும் கொழுந்தனும் இரத்தம் கொடுத்து, உயிர் தப்பியதே பெரிய பாடு. அப்புறம் நான் போனபோது அந்த மாமியார் கேட்டார்: "கறுப்பாப் போகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னய்யா?" என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் முதலில் சொல்கிறேன்.

இரத்தத்தில் இரும்பு

நம் உடம்பு முழுவதும் இருக்கும் இரும்பைத் திரட்டினால் மூன்று நான்கு கிராம்தான் தேறும். ஒரு சின்ன ஆணியின் எடை. அதில் பெரும்பகுதி இரத்தத்தின் சிவப்பு அணுக்களில், ஹீமோகுளோபின் என்னும் பொருளில் இருக்கிறது. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள பிராணவாயுவைப் பிடித்து, மூளைக்கும் கைகாலுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சுமந்து போவது இதுதான். இரும்பு குறைந்தால் சுமக்கிற ஆள் குறைந்த மாதிரி. நாலு குடம் தண்ணீர் எடுத்ததும் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கண்ணின் கீழ் இமையும் நாக்கும் வெளுக்கும். சிலருக்கு மண்ணும் சாம்பலும் பச்சரிசியும் தின்னத் தோன்றும். நம் பெரியவர்கள் இதைப் பாண்டு என்றார்கள். இப்போது இரத்தசோகை என்கிறோம்.

இது யாரோ ஒருவருக்கு வருகிற நோய் இல்லை. 2019-21இல் நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலோடு கொல்லைக்குப் போவதால் வரும் கொக்கிப்புழு, கடைசியாகச் சாப்பிட்டு மிச்சத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம், எல்லாமாகச் சேர்ந்து கொண்டுவருவது இது.

துருவும் இரும்பு, மாத்திரையும் இரும்பு

"இரும்பைத் தின்னலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆணியாகத் தின்ன முடியாது. இரும்பு வேறு பொருளோடு கூடி உப்பாக மாற வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று பச்சையாக ஒரு படிகம் விற்கிறார்களே, அது இரும்பும் கந்தக அமிலமும் கூடிய உப்பு. ஆங்கில மருத்துவம் அதை பெரஸ் சல்பேட் என்கிறது. சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரமாகப் பக்குவம் செய்து பாண்டுக்குக் கொடுப்பார்கள். பிரான்சு நாட்டில் பிளாட் என்ற மருத்துவர் 1832இல் இதே உப்பைக் கொண்டு மாத்திரை செய்து கொடுத்துப் பேர் வாங்கினார். உங்கள் கையில் இருக்கும் மாத்திரைக்கு இவ்வளவு பழமை உண்டு. அதற்காகக் கடையில் அன்னபேதி வாங்கி நீங்களே விழுங்கிவிடாதீர்கள். அளவு தெரியாமல் தின்றால் ஆபத்து.

அந்தப் பச்சை அன்னபேதியைத் திறந்து வைத்தால் நாளடைவில் பழுப்பேறும். காற்றுப் பட்டு அந்த இரும்பு துருவில் உள்ள ஜாதிக்கு மாறுவதுதான் காரணம். துரு ஜாதி இரும்பு குடலில் எளிதில் சேராது. அதனால்தான் மாத்திரைக்கு மேலே பூச்சுப் போட்டிருக்கிறார்கள். ஈரக்கையால் எடுத்து வைக்காமல், அட்டையோடு உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு மாத்திரையில் இரும்பு மட்டும் 60 மில்லிகிராம். குடல் அதில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். மிச்சம் அங்குள்ள கந்தகப் பொருளோடு சேர்ந்து கறுத்து வெளியே போகும். அவ்வளவுதான். வாழைக்காய் நறுக்கினால் அரிவாள்மணை கறுக்கிறதே, அதைக் கண்டு பயப்படுகிறோமா? வாழைக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிய கறுப்பு அது. இதுவும் இரும்பின் கறுப்புத்தான். குடல் வேகவில்லை, பிள்ளையும் கறுக்காது. "மாத்திரை போட்டா குழந்தை பெருத்து ஆபரேஷன் ஆயிடும்" என்பதும் வெறும் பேச்சு. ஆனால் மலம் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு, நாற்றமும் வயிற்றுவலியும் மயக்கமும் சேர்ந்திருந்தால் அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

எப்படிப் போடுவது?

கர்ப்பிணிகள் நாலாம் மாதம் தொடங்கி தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் தினம் ஒன்று, 180 நாள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் தினம் இரண்டு தேவைப்படலாம். டாக்டரோ நர்சோ சொல்கிறபடி செய்யுங்கள். 7க்குக் கீழே போனால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் இரத்தமும் ஏற்றுவார்கள்.

குமட்டினால் இராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டுப் படுங்கள். டீ, காப்பியோடு மட்டும் போடாதீர்கள். வாழைக்காய் மாதிரியே டீயிலும் துவர்ப்பு உண்டு. அது இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா நல்லது. அவற்றின் புளிப்புச் சத்து இரும்பைக் குடலில் சேரும் ஜாதியாக மாற்றித் தரும்.

மாத்திரையைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிவப்பாக மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னக் குழந்தை பல மாத்திரைகளைத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. தின்றுவிட்டது தெரிந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பானை நிறைந்தது, குதிர் நிறையவில்லை

"இரத்தம் ஏறிடுச்சு, இன்னும் எதுக்கு?" என்று இரண்டு மாதத்தில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். இரத்தம் என்பது அன்றாடம் பொங்குகிற பானை. கல்லீரல்தான் குதிர். பானை முதலில் நிறையும், குதிர் மெதுவாகத்தான் நிறையும். ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டியிருக்கிறது. குதிர் காலியாக இருக்கும்போதே அடுத்த பிள்ளை வந்தால் தாய் எதைக் கொடுப்பாள்? இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று வருஷம் இடைவெளி விடுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டில் என்ன?

முருங்கைக்கீரை, கம்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரல். கறியிலும் மீனிலும் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிட எளிதாகச் சேரும். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்று நினைக்காதீர்கள். அது சாயம், அதில் இரும்பு கொஞ்சம்தான். பரணில் கிடக்கும் இரும்புச் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புளிக்குழம்பு வையுங்கள். புளி இரும்பைக் கொஞ்சம் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். ஆனால் இரத்தம் நன்றாகக் குறைந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. மாத்திரையும் வேண்டும்.

கணவன்மார்களுக்கு

தம்பிகளே, நிலத்துக்கு உரம் போட்ட தேதி உங்களுக்கு மனப்பாடம். வீட்டுக்காரம்மா மாத்திரை போட்டாளா என்று தெரியுமா? இராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். அவளும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். கொல்லைக்குப் போகச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். பரிசோதனைக்குக் கூடவே போய், ஹீமோகுளோபின் எத்தனை என்று கேட்டுக் கையேட்டில் எழுதி வாங்குங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கையை நீட்டி இரத்தம் கொடுத்த அந்தப் புருஷன் என்னிடம் சொன்னார்: "மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்திருந்தா இந்த நாள் வந்திருக்காதுங்க." அவர் சொன்னதில் என் பங்குப் பழியும் இருக்கிறது. உங்களுக்கு அந்த நாள் வர வேண்டாம்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கூரைச் சந்தையும் அரிசிப் பானையையும் ஒரு தடவை பாருங்கள். கிடக்கும் அட்டையை எடுத்து, காலாவதித் தேதி பார்த்து, நல்லதாக இருந்தால் இன்று இராத்திரியே தொடங்குங்கள். தேதி கடந்திருந்தால் நாளைக்குத் துணை சுகாதார நிலையத்தில் புதிதாகக் கேட்டு வாங்குங்கள். காசு இல்லை. கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், நிறுத்தாதீர்கள்.