வீடு பேசியாச்சுங்க

(சுதந்திர தின விழாவில் நம் குடியிருப்பு வளாகத்தில் ஆற்றிய உரை)

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் பசியோடு இருப்பதால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

இன்னும் ஐந்து நாளில் ஆகஸ்ட் 20, நல்லிணக்க நாள். வங்கியில் வேலை பார்த்தபோது அன்று எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்போம். சாதி, மதம், மொழி பார்க்காமல் ஒற்றுமைக்கு உழைப்போம், வேற்றுமைகளைப் பேசித் தீர்ப்போம் என்று மேலாளர் வாசிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். பிறகு உட்கார்ந்து டோக்கன் நம்பரைக் கூப்பிடுவோம். அதில் சொன்னபடி நான் நடந்தேனா என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

நம்மில் பலர் பிற்பாடு கோவைக்கு வந்தவர்கள், அதனால் பழசைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1997 நவம்பர் 29 அன்று உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். கடைகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. இரண்டரை மாதம் கழித்து, 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் இறந்தார்கள், 200 பேருக்கு மேல் காயம். கடைவீதிக்குப் போனவர்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் அதில் சிக்கினார்கள். ஒன்றுக்கு இன்னொன்று பதில் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டுமே இந்த ஊருக்கு நடந்த அநியாயம்.

அந்த டிசம்பரில் ஒரு வாடிக்கையாளர் என் கவுன்ட்டருக்கு வந்தார். சின்ன ஜவுளிக்கடைக்காரர், பல வருடப் பழக்கம். பாதி கருகிய பாஸ்புக்கை நீட்டி, "வேற புக் வேணுங்க" என்றார். நான் படிவம் கொடுத்தேன், கட்டணம் வாங்கினேன், புதுப் புத்தகம் எழுதிக் கொடுத்தேன். கடை என்ன ஆனது, வீட்டில் எல்லோரும் நலமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் வரிசை நின்றது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அவர் எங்கள் கிளைக்கு வரவே இல்லை.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். அன்றைக்குக் கணக்கு சரியாகிவிடும், ஆனால் விஷயம் தீர்ந்திருக்காது. ஊர் அடங்கியதும் அமைதி திரும்பிவிட்டது என்று நாம் சொன்னது அந்த மாதிரிதான்.

ஆனாலும் ஊர் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு கார் வெடித்தது. காரில் வந்தவர் இறந்தார். திரும்பவும் 1998 வந்துவிடுமோ என்று அன்று பயந்தோம். ஆனால் சில நாட்களில் ஜமாத்தைச் சேர்ந்தவர்கள் அந்தக் கோவிலுக்கே நேரில் போய் அங்கிருப்பவர்களைச் சந்தித்துப் பேசினார்கள். ஊர் பதறவில்லை. கோனியம்மன் தேரின்போது ஒப்பணக்காரத் தெருவில் அத்தர் ஜமாத்தார் பக்தர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 2024-ல் காங்கேயம் பக்கம் படியூர் ஒட்டப்பாளையத்தில் விநாயகர் கோவில் கட்ட இடமில்லை என்றபோது அங்குள்ள முஸ்லிம்கள் 3 சென்ட் நிலம் கொடுத்தார்கள், கும்பாபிஷேகத்துக்குச் சீர்வரிசையும் எடுத்துப் போனார்கள்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கைதட்டுகிறோம். நானும்தான். ஆனால் போன வருடம் என் இன்னொரு வீடு காலியானபோது புரோக்கர் ஒரு தம்பதியை அழைத்து வந்தார். இருவரும் நல்ல வேலையில் இருந்தார்கள், அட்வான்ஸும் தயாராக இருந்தது. பெயரைக் கேட்டேன். முஸ்லிம் பெயர். "வீடு பேசியாச்சுங்க" என்று சொல்லிவிட்டேன். வீடு யாரிடமும் பேசியிருக்கவில்லை. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிய விதத்தைப் பார்த்தால், அந்த வார்த்தை அவருக்குப் புதிதல்ல என்று தெரிந்தது. அதன் பிறகு அந்த வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. வாடகை நஷ்டத்தை மறந்துவிட்டேன், அந்தத் தலையாட்டலை மறக்க முடியவில்லை.

மதம் மட்டுமல்ல. டீக்கடை இரட்டைக் குவளையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம் என்று நினைக்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் தனி டம்ளர் இருக்கிறதா என்று அவரவர் சமையலறையில் போய்ப் பாருங்கள்.

"அது அவங்க பிரச்சினை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். 1924-ல் வைக்கம் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. நம் ஈரோட்டுப் பெரியார் போய் இரண்டு முறை சிறைப்பட்டார். அவருக்கு முன்பே அங்கே கைதானவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் என்ற கிறிஸ்தவர். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் போராட்டக்காரர்களுக்கு இலவசமாகச் சமைத்துப் போட்டார்கள். இது இந்துக்கள் தீர்க்க வேண்டியது, மற்றவர்கள் விலகியிருக்கட்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அவரை மிகவும் மதிக்கிறவன்தான் நான். ஆனாலும் இதில் ஜார்ஜ் ஜோசப் பக்கம்தான் என் மனசு. அடுத்தவர் நடக்க முடியாத தெரு நமக்கும் பிரச்சினைதான்.

சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, வாடகைக்கு வருபவரிடம் சம்பளம், வண்டி, எத்தனை பேர் என்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். சாதி, மதம் கேட்க வேண்டாம். "நம்ம ஆளுங்களா பாருங்க" என்று புரோக்கரிடமும் சொல்ல வேண்டாம்.

இரண்டு, இங்கே வேலைக்கு வருபவர்களுக்கும் நமக்கும் ஒரே லிஃப்ட், ஒரே டம்ளர்.

மூன்று, நம் சங்கத்திலிருந்து மூன்று பேர் பக்கத்துக் கோவில், பள்ளிவாசல், சர்ச் நிர்வாகிகளை நேரில் போய்ப் பார்த்துப் பழக வேண்டும். வதந்தி ஒன்று நம் குரூப்பில் வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன் அவர்களுக்குப் போன் போட்டு விசாரிக்க வேண்டும். கலவரம் வந்த பிறகு நம்பர் தேடினால் கிடைக்காது.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வந்திருக்கிறேன். என் கையெழுத்தை முதலில் போட்டுவிட்டேன். அலுவலக மேஜையில் வைக்கிறேன், சம்மதம் உள்ளவர்கள் போடுங்கள். சம்மதம் இல்லாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே பேசுவோம்.

அடுத்த மாதம் என் வீடு மறுபடியும் காலியாகிறது. நல்ல குடும்பம் யாராவது தேடினால் சொல்லுங்கள்.